வினாடிக்கு நான்கு சென்டிமீட்டர்

மைசூரிலிருந்து உதகமண்டலத்தை நோக்கிச் செல்லும் பிரயாணி நஞ்சன்கூட்டைக் கடந்து, ஆவணி மாதமாயின் இருமருங்கிலும் செண்டுமல்லி வயல்கள் மஞ்சளும் செம்மஞ்சளுமாய் விரிந்து கிடக்கக் கண்டு, பந்திப்பூர்க் காடு தொடங்குவதற்குமுன் கடைசியாக வந்து சேரும் பெரிய ஊர் குண்டலுபேட்டை. ஒரு சாலை தெற்கே கூடலூருக்கும், மற்றொன்று மேற்கே சுல்தான் பத்தேரிக்கும் பிரிகின்ற இவ்வூரில், காட்டு விலங்குகளின் நலங்கருதி 2009ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணிக்கு மேல் காட்டுச்சாலைகள் அடைக்கப்பட்டுக் காலை 6 மணிக்கே மீண்டும் திறக்கப்படுவதால், நேரம் தப்பிய லாரிகள் விடியும்வரை வரிசையாகக் காத்து நிற்கும். சாலைகளால் வாழும் இந்த ஊருக்கு ரயில் கிடையாது. வடக்கே நஞ்சன்கூட்டில், கபினி ஆற்றின்மீது 1735ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற பழைய கற்பாலத்தின் வழியாக மீட்டர்கேஜ் ரயில் நெடுங்காலம் ஓடியதுண்டு. கிழக்கே சாமராஜநகரத்தில் இன்றும் ரயில் வந்து நிற்கிறது. இங்கேயோ, தண்டவாளம் என்பது என் பக்கத்து வீட்டுக் கூடத்துத் தரையில் நீள்வட்டமாக விரித்துவைக்கப்பட்ட ஒன்றே.

அதற்கு உடைமைக்காரன் ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுவன். ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியன் என்பதால் ஊரார் என்னை 'மேஷ்ட்ரே' என்று அழைப்பது வழக்கம். அவனும் அப்படியே அழைத்துக்கொண்டு, ஒரு மார்கழி மாதத்துக் காலையில், கம்பளித் தொப்பியும் கையில் எஞ்சினுமாக என் வாசற்படியில் வந்து நின்றான். அது ஆறு சக்கரங்களுள்ள நீராவி எஞ்சினின் மாதிரி. மெய்யான எஞ்சினை 87இல் ஒரு பங்காகச் சுருக்கி, 16.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளத்தில் 12 வோல்ட் நேர்மின்சாரத்தால் ஓடும்படி அமைத்தது. அது ஓடவில்லை என்பது அவன் குறையன்று. "வேகமா விட்டா ஓடுது, மேஷ்ட்ரே. மெதுவா விட்டா நின்னு நின்னு போகுது. எனக்கு அது ஊட்டி ரயில் மாதிரி போகணும்" என்றான்.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் பெற்றோருடன் அவன் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நீராவி ரயிலில் ஏறியிருந்தான். 1899ஆம் ஆண்டில் குன்னூர்வரையிலும் 1908ஆம் ஆண்டில் உதகைவரையிலும் திறக்கப்பட்ட அந்த மலைப்பாதையில், கல்லாற்றுக்கு மேலே, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தைக் கவ்விக்கொண்டு எஞ்சின் ஏறுவதையும், சாளரத்துக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் பாறையின் பாசி ஒவ்வொன்றாகத் தெரிந்து மறைவதையும் கண்ட ஒருவனுக்கு, ரயிலின் அழகு அதன் வேகத்தில் இல்லை, நிதானத்தில்தான் இருக்கிறது என்று தோன்றியதில் வியப்பில்லை. பற்சட்டமுள்ள பகுதியில் அந்த ரயிலின் வேகம் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். அதாவது வினாடிக்கு 3.6 மீட்டர், அதை 87ஆல் வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். அவன் கேட்டது இதுதான். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இந்த வேண்டுகோள், மாதிரி ரயில் வைத்திருப்போர் உலகெங்கிலும் வாணாள் முழுவதும் மல்லாடுகின்ற ஒரு காரியம் என்பது அவனுக்குத் தெரியாது. வேகமாக ஓடும்போது எஞ்சினின் குறைகளெல்லாம் ஒளிந்துகொள்கின்றன. மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் ஓட்டத்தின் வேகமே அவ்விடத்தைத் தாண்டச் செய்துவிடுகிறது. மெல்லச் செல்லச் சொன்னால்தான் ஒவ்வொரு குறையும் வெளியே வந்து தன் பெயரைச் சொல்லும்.

பெரிய பொருளின் அங்கங்களையெல்லாம் ஒரே விகிதத்தில் சுருக்கிவிட்டால் அப்பொருளே சிறிதாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். இயற்கை அதற்கு இணங்குவதில்லை என்பதைக் கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், விலங்குகளின் எலும்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். நீளம் 87இல் ஒன்றாகும்போது பரப்பு 7,569இல் ஒன்றாகவும், கனபரிமாணமும் அதனுடன் எடையும் 6,58,503இல் ஒன்றாகவும் குறைகின்றன. 60 டன் எடையுள்ள எஞ்சினை இந்தக் கணக்கின்படி சுருக்கினால் அதன் எடை 91 கிராம்தான். ஈயமும் துத்தநாகக் கலவையும் வைத்து எடையைக் கூட்டுகிறார்கள் என்பதால் சிறுவனின் எஞ்சின் 180 கிராம் நிறுத்தது. ஆயினும், மெய்யான எஞ்சினின் ஒவ்வொரு சக்கரமும் 10 டன் சுமையுடன் தண்டவாளத்தை மிதிக்கையில், இதன் ஒவ்வொரு சக்கரமும் 30 கிராம் சுமையுடன் அதைத் தொடுகிறது என்றுதான் சொல்லவேண்டும். சாலையிலிருந்து எழுந்து சாளரத்தின் வழியே வந்து படியும் தூசித் துகள், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு பருமன் உடையதாயின், மாதிரி எஞ்சினுக்கு அது கொத்தமல்லி விதையளவுள்ள கல்லுக்குச் சமம். பெரிய எஞ்சின் அத்தகைய கல்லை மாவாக்கிவிட்டுப் போகும். இதற்கோ அதை நசுக்க வலுவில்லை, ஏறி நிற்கும், ஏறி நின்ற கணத்தில் மின்சாரம் அறும்.

எந்தப் பழுதையும் ஆராயப் புகும்போது முதலில் செய்யவேண்டுவது, சந்தேகத்துக்குரியவற்றை இரண்டாகப் பிரிப்பது. எஞ்சினை ஒரு துணிமடிப்பின்மேல் மல்லாத்தி வைத்து, 9 வோல்ட் பாட்டரியிலிருந்து இரு கம்பிகளை எடுத்து, ஒன்றை இடப்பக்கத்துச் சக்கரத்திலும் மற்றொன்றை வலப்பக்கத்துச் சக்கரத்திலும் தொட்டேன். சக்கரங்கள் சுழன்றன. சிறுவனின் முகம் மலர்ந்தது. ஆனால் நான் கம்பியை அடுத்த சக்கரத்துக்கு நகர்த்தியபோது அவை நின்றன. கம்பி முனையால் அந்தச் சக்கரத்தைச் சற்றே சுரண்டியதும் மீண்டும் சுழன்றன. ஆகவே குற்றத்தில் ஒரு பகுதி, மின்சாரம் உட்புகும் வாயிலிலேயே இருந்தது.

இந்த வாயிலைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். பளபளப்பாக மெருகிட்ட இரு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று தொடும்போது, அவை முழுப் பரப்பிலும் தொடுவதாக நம் கண்ணுக்குத் தோன்றினாலும், சூக்ஷ்ம நிலையில் நோக்கினால் இரு மலைத்தொடர்களை ஒன்றன்மீது ஒன்று கவிழ்த்தாற்போல் சில சிகரங்களே சிகரங்களைத் தொடுகின்றன. சுமை எவ்வளவோ அவ்வளவே அச்சிகரங்கள் நசுங்கி மெய்யான தொடுபரப்பு விரிகிறது. சுமை 30 கிராம் என்றால் தொடும் இடம் எவ்வளவு சிறிதாயிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அந்தச் சிறு இடத்திலும் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. மாதிரித் தண்டவாளங்கள் பெரும்பாலும் நிக்கல் வெள்ளி என்று பெயர்பெற்ற, வெள்ளி அணுவளவும் இல்லாத, செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்த கலப்புலோகத்தால் ஆனவை; காற்றுப் பட்டவுடன் அவற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடுப் படலம் ஒன்று படர்ந்துவிடும். ஓடும் சக்கரம் ஒவ்வொரு கணமும் தொட்டுத் தொட்டு விலகுகையில் எழும் நுண்ணிய மின்பொறிகள் அந்தப் படலத்தைத் தடிப்பாக்கி, எண்ணெயையும் தூசியையும் கருக்கி, சக்கரத்தின் ஓரத்தில் நாம் காணும் கரிய பிசினாக்குகின்றன. மிக மெல்லிய படலத்தை மின்னழுத்தம் துளைத்துக்கொண்டு செல்லக்கூடும். 9 வோல்ட்டில் துளைபடுவது 3 வோல்ட்டில் துளைபடாமல் நின்றுவிடும். வேகமாக விட்டால் ஓடுகிறது, மெதுவாக விட்டால் நிற்கிறது என்று சிறுவன் சொன்னதன் ஒரு காரணம் இது.

இந்தத் தயக்கமுள்ள தொடர்பு நம்மைச் சோதிப்பதோடு நிற்கவில்லை, ஒரு காலத்தில் உலகத்துக்கு உபகாரமும் செய்திருக்கிறது. படலம் மூடிய உலோகத் துகள்களின்மீது மின்னலைகள் விழுந்தால் அவற்றின் தடை சட்டென்று குறைகிறது என்பதை 1890ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துப் பிரான்லி கண்டார். 1899ஆம் ஆண்டில் நம் ஜகதீச சந்திர போஸ் இரும்பையும் பாதரசத்தையும் மெல்லத் தொடவைத்து, தட்டி எழுப்பவேண்டிய அவசியமின்றித் தானே பழைய நிலைக்குத் திரும்பும் கருவியொன்றை இலண்டன் ராயல் சொஸைட்டிக்கு விவரித்தார். கம்பியில்லாத் தந்தியின் இளமைக்காலத்துக் காது, அரைகுறையாய்த் தொட்டுக்கொண்டிருக்கும் இரு உலோகங்களே. பெரிய ரயில்வேக்களும் இப்படலத்துக்கு விலக்கல்ல. அதிகம் வண்டி ஓடாத தண்டவாளத்தில் துரு மூடிக்கொண்டால், சக்கரத்தின் வழியே மின்சாரம் பாயாமல், அங்கே வண்டி நிற்பதையே சிக்னல் அமைப்பு அறியாமல் போகக்கூடும் என்பதால் அதற்கென்று தனிக் கவனம் செலுத்துகிறார்கள்.

தண்டவாளத்தைச் சுத்தம் செய்யச் சிறுவன் கொண்டுவந்தது உப்புத்தாள். அதை நான் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். உப்புத்தாள் தேய்த்த அன்று ரயில் அருமையாக ஓடும். ஆனால் அது கீறிவிட்ட நுண்ணிய சால்களில் மறுவாரமே அழுக்குத் தங்கி, பொறிகள் மிகுந்து, முன்னைவிட மோசமாகும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐஸோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பழைய வேட்டித் துணியில் நனைத்து, துணியில் கருமை ஏறாத அளவுக்குத் தண்டவாளங்களைத் துடைத்தோம். சக்கரங்களுக்கு வேறு உபாயம்: அதே துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, எஞ்சினின் ஒரு பாதியைத் துணியின்மேலும் மறுபாதியைத் தண்டவாளத்தின்மேலும் வைத்துப் பிடித்துக்கொண்டு மின்சாரம் விட்டால், சக்கரங்கள் தம்மைத் தாமே துடைத்துக்கொள்ளும். கரிய கோடுகள் துணியில் விழுவதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது.

ஆயினும் வளைவில் ஓரிடத்தில் எஞ்சின் இன்னும் நின்றது. ஆறு சக்கரங்களில் எந்த இரண்டு தொட்டாலும் ஓடவேண்டுமே, ஏன் நிற்கிறது என்று சிறுவன் கேட்டான், கேட்கத்தக்க கேள்வி. மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நான்கு கால் மேஜை ஆடும் என்பது நாம் அறிந்ததே. மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை நிர்ணயிக்கின்றன, நான்காவது புள்ளி அதற்கு இசைய வேண்டிய கட்டாயமில்லை. அச்சுகள் அசையாமல் பொருத்தப்பட்ட ஆறு சக்கர எஞ்சினும் அப்படியே. தளம் சிறிது கோணினாலும் அது மூன்று சக்கரங்களின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது; மற்ற மூன்றும் தலைமுடியின் பருமனுக்கும் குறைவான உயரத்தில் காற்றில் தொங்குகின்றன. மூன்றில் இரண்டு ஒரு தண்டவாளத்தில் இருந்தால், மறு தண்டவாளத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றின் கீழே ஒரு துகள் அகப்பட்டால் ரயில் நின்றது. மெய்யான எஞ்சினில் ஒவ்வொரு அச்சுக்கும் வில்லும், வில்லுக்கு வில் சுமையைப் பகிர்ந்தளிக்கும் நெம்புகோலும் வைத்து இக்குறையைத் தீர்த்தார்கள். எங்கள் எஞ்சினில் செய்யக்கூடியது சிறிதே: ஆறு சக்கரங்களின் பின்புறத்தையும் உரசிக்கொண்டு மின்சாரத்தை எடுக்கவேண்டிய வெண்கலத் தகடுகளில் இரண்டு, சக்கரத்தைத் தொடாமல் விலகி வளைந்திருந்தன, அவற்றை இடுக்கியால் மெல்ல வளைத்து, சக்கரத்தை அழுத்தாமலும் விட்டு விலகாமலும் தொடும்படி வைத்தோம். தண்டவாளத்தின் இணைப்பு ஓரிடத்தில் மேடாயிருந்ததையும் சமன் செய்தோம். வளைவு அதன்பின் எங்களைத் தொல்லைப்படுத்தவில்லை.

இப்போது எஞ்சின் நிற்கவில்லை. ஆனால் நடையில் ஒரு நொண்டல் தெரிந்தது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல் யந்திரத்தின் நோயையும் அதன் தாளத்தைக் கொண்டே அறியலாம் என்பது என் அநுபவம். ஏனெனில் யந்திரத்தில் சுழலும் உறுப்பு ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் சுழல்கிறது, ஒவ்வொன்றின் குறையும் அதனதன் காலத்தில்தான் தலைகாட்டும். எஞ்சின் தயங்கிய இடங்களிலெல்லாம் ஸ்லீப்பர் கட்டையில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைக்கச் சொன்னேன். வைத்த புள்ளிகளுக்கிடையே அளந்தபோது ஏறத்தாழ 44 மில்லிமீட்டர் வந்தது. சக்கரத்தின் விட்டம் 14 மில்லிமீட்டர். அதன் சுற்றளவு 44. ஆகவே குறை, சக்கரம் ஒருமுறை சுற்றும்போது ஒருமுறை வருவது. சக்கரத்தில், அல்லது அச்சில், அல்லது சக்கரங்களை இணைக்கும் தண்டில் இருப்பது. மோட்டாரில் இருந்திருந்தால், மோட்டார் 30 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் என்பதால், ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒருமுறை நடுக்கம் தெரிந்திருக்கும். ஓர் அளவுகோலும் ஒரு சுண்ணக்கட்டியும் எஞ்சினைத் திறக்காமலே அதன் உட்பாதியைக் குற்றமற்றதென்று விடுவித்துவிட்டன.

இணைப்புத் தண்டுகளைக் கழற்றிப் பார்த்தோம். மோட்டார் நடு அச்சை மட்டுமே திருப்புகிறது. மற்ற இரு அச்சுகளும் அத்தண்டுகளால் இழுக்கப்பட்டே சுற்றுகின்றன. இடப்புறத்துத் தண்டின் முளை மேலே இருக்கும்போது வலப்புறத்து முளை கால் சுற்று விலகி முன்னாலோ பின்னாலோ இருக்கவேண்டும். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால், தண்டு அச்சோடு நேர்கோட்டில் வரும் கணத்தில், சக்கரம் எந்தப் பக்கம் திரும்புவது என்பதைத் தீர்மானிக்க எதுவும் இராது. நீராவி எஞ்சின்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொதுவான இந்தக் கால்சுற்று நியமம் பெரிய பணிமனைகளில், நாகப்பட்டினத்திலிருந்து 1928ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து அமைந்த திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனை போன்றவற்றில், துல்லியமாகக் காக்கப்படுவது. நீலகிரிப் பாதைக்கு ஸ்விட்ஸர்லாந்து தேசத்து விண்டர்தூர் நகரில் செய்த எஞ்சின்களில், சக்கரங்களைத் தள்ள இரு சிலிண்டர்களும் பற்சட்டத்தைக் கவ்வும் பல்சக்கரங்களைத் திருப்ப வேறு இரு சிலிண்டர்களுமாக நான்கு இருந்தன. முதலிரண்டில் வேலைசெய்து களைத்த நீராவியே மலையேறும்போது மற்ற இரண்டிலும் புகுந்து மீண்டும் உழைத்தது. அத்தனை அங்கங்களும் ஒரு தாளத்தில் இசைவதற்கு அதைப் பூட்டியவர்கள் எத்தனை நுண்மையாக வேலை செய்திருக்க வேண்டும் என்பதை, பொம்மை எஞ்சினின் ஒரு சக்கரத்தைச் சரிசெய்ய முயன்றவர்களே நன்கு உணர்வார்கள். எங்கள் எஞ்சினில் பின்சக்கரம் ஒன்று எப்போதோ கீழே விழுந்த அதிர்ச்சியில் அச்சின்மேல் மிகச் சிறிது திரும்பியிருந்தது. கண்ணை அருகில் வைத்து, ஆரைகளை மறுபக்கத்து ஆரைகளோடு ஒப்பிட்டு, பிசகு தெரியாதவரை திருப்பினேன். அரைமணி நேரம் பிடித்தது.

முன்னோக்கி நன்றாகவும் பின்னோக்கி முரடாகவும் ஓடியது இன்னொரு சிறு குறை. மோட்டாரின் தண்டிலுள்ள திருகுப்புரி பல்சக்கரத்தைத் திருப்பும்போது தானும் எதிர்த்திசையில் தள்ளப்படும். பின்னோக்கிச் செல்கையில் அந்தத் தள்ளுதலைத் தாங்கவேண்டிய வாஷர் விழுந்துபோயிருந்தது. ஒரு வாஷர் போட்டேன், தீர்ந்தது.

இத்தனையும் முதல்நாள் பிற்பகலில் முடிந்து, மாலை வெயில் கூடத்தில் விழுந்துகொண்டிருக்க, எஞ்சின் நான் எதிர்பார்த்ததைவிட அழகாக ஊர்ந்தது. மறுநாள் காலை 7 மணிக்குச் சிறுவன் வந்து சொன்னான்: அது அசையவே இல்லை.

பழுது நீக்குபவனுக்கு மிகவும் மனச்சோர்வு தருவது, சரிசெய்துவிட்டோம் என்று நினைத்தது திரும்ப வருவதுதான். ஆனால் அறிவியலில் பழகியவனுக்கு அதைப்போல் உதவி செய்வதும் வேறொன்றில்லை, ஏனெனில் நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே மாறியது எதுவோ அதுவே காரணம். நாங்கள் எதையும் தொடவில்லை. சிறுவனை நிதானமாக விசாரித்தேன். தீபாவளி விடுமுறைக்குப் பிறகுதான் இப்படி. காலையில்தான் மிகவும் மோசம். "கொஞ்ச நேரம் கரண்ட் விட்டுவச்சா, சூடாகி அப்புறம் ஓடும், மேஷ்ட்ரே" என்றான். அப்படி விட்டுவைப்பது மோட்டாருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அவனுக்கு அம்மீட்டரை வைத்தே காட்டினேன். மோட்டாரின் கம்பிச்சுற்றின் தடை 30 ஓம். முதல்நாள் மாலை 6 வோல்ட்டில் ஓடும்போது ஓட்டம் 0.1 ஆம்பியர் இருந்தது. அதாவது 3 வோல்ட் மட்டுமே தடையில் செலவாயிற்று. மற்ற 3 வோல்ட்டைச் சுழலும் மோட்டார் தானே எதிர்மின்னழுத்தமாக உற்பத்தி செய்து எதிர்த்து நின்றது. ஓடும் மோட்டார் ஒவ்வொன்றும் ஒரு ஜெனரேட்டரும் ஆகும். அந்த எதிர்ப்புத்தான் அதற்குக் காப்பு. இன்று காலையோ அதே 6 வோல்ட்டில், எஞ்சின் அசையாமல் நிற்க, ஊசி 0.2 ஆம்பியரைக் காட்டியது. எதிர்ப்பே இல்லை, 6 வோல்ட்டும் தடையிலேயே வெப்பமாகிறது. ஓடும்போது கம்பிச்சுற்றில் எழும் வெப்பத்தைப்போல் நான்கு மடங்கு. 12 வோல்ட் கொடுத்துவிட்டு ஒருவன் மறந்துபோனால் கம்பியின் மேற்பூச்சு கருகிவிடும்.

ஆனால் அந்த வெப்பமே துப்பும் கொடுத்தது. குளிரில் நிற்கிறது, வெப்பத்தில் ஓடுகிறது. எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றிப் பல்சக்கரப் பெட்டியைத் திறந்தபோது, பற்களுக்கிடையே வெண்மையாக, மெழுகுபோல் ஏதோ இறுகியிருந்தது. தொழிற்சாலையில் போடும் கிரீஸ் என்றே முதலில் எண்ணினேன். ஓர் ஊசி முனையால் சிறிது எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். அது நொடியில் தெளிந்த எண்ணெயாகி ஓடியது. கூடவே சமையலறையின் மணம் வந்தது.

தேங்காயெண்ணெய். தீபாவளிக்குமுன் எஞ்சின் கிறீச்சிட்டதென்று சிறுவன் சொல்ல, அவனுடைய அஜ்ஜி, அதாவது பாட்டி, தம் தையல் யந்திரத்துக்குப் பல்லாண்டுகளாகப் போட்டுவரும் கொப்பரி எண்ணெயை அன்போடு நாலு சொட்டு விட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல இடமில்லை. தாவர எண்ணெய் யந்திரத்துக்கு ஆகாது என்பதில்லை. இந்திய ரயில்வேக்களே ஒரு காலத்தில் ஆமணக்கெண்ணெயை ஏராளமாகப் பயன்படுத்தின. பேதம் மூலக்கூற்றின் வடிவத்தில் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் மிகுதியாயுள்ள லாரிக் அமிலம் முதலியவற்றின் சங்கிலிகள் கோணலின்றி நேராக இருப்பதால், விறகுக் கட்டுப்போல் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொண்டு, ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஆமணக்கெண்ணெயின் மூலக்கூறோ நடுவே வளைந்து, பக்கத்தில் ஒரு கிளையும் உடையது, அடுக்க இணங்காது, கடுங்குளிரிலும் திரவமாகவே இருக்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்திலுள்ள குண்டலுபேட்டையின் மார்கழிக் காலை 24 டிகிரிக்கு வெகுவாகத் தாழ்ந்தது. பிற்பகல் அதைத் தாண்டுவது. தையல் யந்திரத்தை மிதிக்கும் காலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. பொம்மையின் மோட்டாருக்குத் தெரிந்தது. சென்னையில் இருந்திருந்தால் இந்தப் பழுதை நான் கண்டிருப்பது அரிது.

அஜ்ஜியே வெந்நீர் கொண்டுவந்தார். பல்சக்கரங்களைப் பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்த அந்த நீரில் இட்டு, மெல்லிய தூரிகையால் பற்களின் இடுக்கெல்லாம் தேய்த்தோம். வெப்பம் எண்ணெயை உருக்கியது, சோப்பு அதை நீரோடு இணக்கியது. மோட்டாரின் கம்யூட்டேட்டர்வரை எண்ணெய் ஊர்ந்து சென்று கார்பன் பிரஷ்களின் கரித்தூளோடு சேர்ந்து அதன் பிளவுகளை அடைத்திருந்தது. பல்குத்தும் குச்சியைச் சீவி அப்பிளவுகளைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்தேன். எண்ணெய் விட்ட இடத்தில் நிற்பதில்லை. அடுத்தடுத்து நெருங்கிய இரு பரப்புகளுக்கிடையே அது நுண்புழை ஈர்ப்பினால் ஊர்ந்துகொண்டே போகும். நாலு சொட்டு என்பது இந்த எஞ்சினுக்கு, 87இன் கனத்தால் பெருக்கிப் பார்த்தால், பெரிய எஞ்சினின்மீது நூறு லிட்டருக்கு மேல் கொட்டியதற்குச் சமம். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய கனிம எண்ணெயை ஊசியின் முனையில் தொட்டு, ஊசியில் தங்கிய அளவை மட்டும் ஒவ்வொரு அச்சின் தாங்கியிலும் வைத்தோம். பல்சக்கரங்களுக்குக் கடுகளவு வெள்ளைக் கிரீஸ். கம்யூட்டேட்டருக்கு ஒன்றும் இல்லை. ஒவ்வோர் இடத்துக்கும் ஊசியை நீட்டும்போது சிறுவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

அன்று பிற்பகலே எஞ்சினைப் பரிசோதிக்க வேண்டாமென்று இருவரும் முடிவு செய்தோம். பிற்பகலின் வெப்பத்தில் ஓடுவது எதையும் நிரூபிக்காது.

மறுநாள் விடியற்காலையில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கிய வெப்பமானி 17 டிகிரி காட்டியது. தெருவில், காட்டுச்சாலை திறக்கும் நேரம் நெருங்கிவிட்டதால், லாரிகள் ஒவ்வொன்றாக உறுமிக் கிளம்பிக்கொண்டிருந்தன. நேர்ப்பாதையில் ஒரு மீட்டரை அளந்து இரு முனைகளிலும் சுண்ணக்கோடு போட்டிருந்தோம். 24 அல்லது 25 வினாடியில் அதைக் கடந்தால் எங்கள் கணக்கு. சிறுவன் மின்சாரத்தின் குமிழைத் திருகினான். 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே சென்றதும், இணைப்புத் தண்டு அசைவது முதலில் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகுதான் எஞ்சின் நகர்கிறது என்பது தெரிந்தது. அம்மீட்டரின் ஊசி 0.1க்குச் சிறிது கீழே நடுங்காமல் நின்றது. ஒவ்வொரு கட்டையாக, தண்டுகள் எழுந்து தாழ, எஞ்சின் இரண்டாவது கோட்டைக் கடக்க 26 வினாடி ஆயிற்று. அஜ்ஜி காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே பார்த்திருந்தார். சிறுவன் ஒன்றும் சொல்லாமல், தரையில் முழங்காலிட்டு, கன்னத்தைத் தண்டவாளத்துக்கருகே வைத்துக்கொண்டு, எஞ்சினைப் பின்னோக்கி வரச்செய்தான்.